பல்லுக்குக் கம்பி போடும் முன்: கொங்கு வட்டாரப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு 13 வயதில் பல்லுக்குக் கம்பி போட்டோம். போன அன்றே போட்டுவிட்டார்கள். எக்ஸ்ரே இல்லை, அச்சு எடுக்கவில்லை, "ஒரு வருடத்தில் சரியாகிவிடும்" என்ற ஒரே வார்த்தைதான். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், நெருக்கியடித்துக்கொண்டிருந்த முன்பற்கள் வரிசைக்கு வந்திருந்தன. வரிசையோடு சேர்ந்து வெளியேயும் தள்ளிக்கொண்டு வந்திருந்தன. தூங்கும்போது அவளுக்கு உதடு மூடவில்லை. பிறகு வேறொரு மருத்துவரிடம் போய், எல்லாவற்றையும் கழற்றி, முதலிலிருந்து தொடங்கி, இரண்டு வருடம் நான்கு மாதம் அலைந்து முடித்தோம். முதலில் கட்டிய 22,000 ரூபாய் போனதைக்கூட மறந்துவிடுவேன். அந்தப் பிள்ளை எட்டு மாதம் வலி பொறுத்தது வீணாய்ப் போனதே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

கோபி, சத்தி, பெருந்துறை, தாராபுரம் என்று நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். கம்பி போடும் நாள் நடுவில் வரும் ஒரு படி மட்டுமே. அதற்கு முன்னால் உள்ள படிகளைத் தாண்டிக் குதித்ததால்தான் நாங்கள் பட்டோம்.

1. முதலில் வீட்டிலேயே பாருங்கள்

காலை வெளிச்சம் வரும் வாசலில் பிள்ளையை உட்கார வைத்து, கடைவாய்ப் பற்கள் பொருந்தும்படி கடிக்கச் சொல்லி, இரண்டு விரலால் உதட்டை விலக்கிப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தெற்றுப்பல் எல்லோர் கண்ணிலும் படும். கண்ணில் படாதவற்றைத் தேடுங்கள்: மேல்பற்கள் கீழ்ப்பற்களை முழுதாக மூடிவிடுகின்றனவா? எங்காவது கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே நிற்கிறதா? கடிக்கும்போது தாடை ஒரு பக்கமாக நழுவுகிறதா? இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கின்றனவா? என் மகளுக்கு மேலே இடது பக்கம் பால்பல் ஒன்று விழாமலே நின்றிருந்தது. இப்படி ஒருநாள் உட்கார வைத்துப் பார்த்திருந்தால் 11, 12 வயதிலேயே கண்டுபிடித்திருப்பேன்.

7 வயது வாக்கில் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. காட்டினால் உடனே கம்பி போட்டுவிடுவார்களோ என்று தயங்க வேண்டாம்; பெரும்பாலும் "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றுதான் சொல்வார்கள். 8 முதல் 11 வயது வரை மேல் முன்பற்கள் விரிந்து நடுவில் சந்து விழுவது பல பிள்ளைகளுக்கு இயல்பு. சிங்கப்பல் என்கிறோமே, அந்தக் கோரைப்பல் 11, 12 வயதில் இறங்கும்போது பெரும்பாலும் அந்தச் சந்து தானாக அடைந்துவிடும்.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. கீழ்ப்பற்கள் முன்னால் வந்து மாறிக் கடிப்பது, கீழ்த்தாடை மிகவும் பின்தங்கியிருப்பது, 6 வயது தாண்டியும் விரல் சூப்புவது, 12 வயதாகியும் கோரைப்பல் தலைகாட்டாதது ஆகியவற்றை உடனே காட்டுங்கள். தாடை எலும்பு வளரும் பருவத்தில்தான் அதன் போக்கை ஓரளவு திருப்ப முடியும். வளர்ச்சி நின்றுவிட்டால் கடுமையான கோளாறுகளுக்கு அறுவை சிகிச்சைதான் வழி என்றாகிவிடலாம். பெண்பிள்ளைகளுக்கு அந்த வளர்ச்சிப் பருவம் பையன்களைவிட ஒன்றிரண்டு வருடம் முந்தி வந்து முந்தி முடியும்.

பால்பல் சொத்தையானால் "விழப்போகிற பல்தானே" என்று அலட்சியமாகப் பிடுங்கிவிடாதீர்கள். பால் கடைவாய்ப்பல் சீக்கிரம் போனால், பின்னாலிருக்கும் நிலைப்பல் முன்னால் நகர்ந்து அடுத்து வர வேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பற்கள் நெருக்கியடிப்பது பல பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பிடுங்கியே ஆக வேண்டுமென்றால், ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்ற சின்ன வளையக் கம்பி வேண்டுமா என்று கேளுங்கள்.

2. யாரிடம் போவது

பல் மருத்துவர்கள் பி.டி.எஸ். படித்தவர்கள். அதற்கு மேல் பல் சீரமைப்புக்கென்றே மூன்று வருடம் படித்தவர் எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ். பலகையில் எம்.டி.எஸ். என்று மட்டும் இருந்தால் போதாது. ஈறு, வேர் சிகிச்சை, முக அறுவை என்று வேறு பிரிவுகளுக்கும் எம்.டி.எஸ். உண்டு. கூச்சப்படாமல், "கம்பி வேலை பார்க்கிற டாக்டர் ஆர்த்தோ படித்தவருங்களா?" என்று கேட்டுவிடுங்கள். நல்ல இடத்தில் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்கள். தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலின் பதிவுச் சான்றிதழும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் சின்ன ஊர்களில் ஆர்த்தோ மருத்துவர் ஈரோட்டிலிருந்தோ கோவையிலிருந்தோ மாதத்தில் ஒன்றிரண்டு நாள் வந்து போவார். அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவரே பார்ப்பாரா, அவர் வராத நாளில் கம்பி குத்தினால் யார் பார்ப்பார்கள், அவர் அந்த கிளினிக்கை விட்டுவிட்டால் பிள்ளையின் சிகிச்சை என்னாகும் என்பதை முதல் நாளே கேளுங்கள். நாங்கள் முதலில் போன இடத்தில் இதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.

செலவு கட்டுப்படவில்லை என்றால் பல் மருத்துவக் கல்லூரி நல்ல வழி. திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர்., எளையாம்பாளையத்தில் விவேகானந்தா, குமாரபாளையத்தில் ஜே.கே.கே. நடராஜா, கோவையில் ஸ்ரீ ராமகிருஷ்ணா என்று நம் பக்கம் பல இருக்கின்றன. கல்லூரிகளில் பொதுவாக முதுநிலை மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் அதிகம் பிடிக்கும். அரை நாள் போய்விடும் என்று நினைத்துக்கொண்டே கிளம்புங்கள். அங்கே ஒரு கேள்வி அவசியம்: பார்க்கும் மாணவர் எத்தனையாவது வருடம்? கடைசி வருடத்தில் இருப்பவர் என்றால் நடுவில் வேறு கைக்கு மாறும். முதல் வருட மாணவர் என்றால் பெரும்பாலும் அவரே முடித்துக்கொடுப்பார்.

மருத்துவர் முகத்தையே பார்க்காமல் வீட்டுக்கு அலைனர் (கம்பிக்குப் பதிலாகப் பல்மேல் மாட்டும் கண்ணாடி போன்ற உறை) அனுப்புகிறோம் என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். அலைனர் நல்ல பொருள்தான், ஆர்த்தோ மருத்துவர் பரிசோதித்துக் கொடுத்தால். ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். அந்த ஒழுங்கு உங்கள் பிள்ளைக்கு வருமா என்று மனசாட்சியோடு யோசியுங்கள்.

3. கம்பிக்கு முன்னால் சோதனைகள்

இந்தப் படியில் பொறுமையாக இருங்கள். வாய்க்குள் பார்ப்பது ஒருபுறம் இருக்க, இவையெல்லாம் எடுக்கப்பட வேண்டும்: மேல் கீழ் இரண்டு தாடைக்கும் அச்சு அல்லது ஸ்கேன். ஓ.பி.ஜி. என்ற எக்ஸ்ரே, இது எல்லாப் பற்களையும் இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும். லேட்டரல் செஃப் என்ற பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, கோளாறு பல்லிலா தாடை எலும்பிலா என்று சொல்லும். முகத்துக்கும் வாய்க்கும் புகைப்படங்கள்.

இரண்டாவது மருத்துவர் ஓ.பி.ஜி. படத்தை விளக்குப் பலகையில் வைத்துப் பேனா முனையால் காட்டினார். மகளின் இடது கோரைப்பல் ஈறுக்குள் உயரத்தில், சாய்ந்து, பக்கத்துப் பல்லின் வேரை முட்டிக்கொண்டு நின்றது. அதனால்தான் பால்பல் விழவே இல்லை. இப்படி முட்டும் பல் பக்கத்து வேரைக் கரைத்துவிடவும் கூடும். எட்டு மாதம் நாங்கள் அதைப் பார்க்காமலே கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தோம்.

பிறகு அச்சை எடுத்தார். மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்றை, பல்வரிசை எப்படிப் போக வேண்டுமோ அந்த வளைவில் கீழ்த்தாடை அச்சின்மேல் படுக்க வைத்தார். அதை எடுத்து நிமிர்த்தி அளவுகோலில் வைத்தார்: 56 மில்லிமீட்டர். அடுத்து பெரிய கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் உள்ள ஒவ்வொரு பல்லின் அகலத்தையும் கவராயத்தால் அளந்து எழுதிக் கூட்டினார்: 65. "ஒன்பது மில்லிமீட்டர் இடம் குறைகிறதம்மா. மூன்று பேர் சீட்டில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பி போட்டு நேராக்கினால் ஒருவர் வெளியே பிதுங்கத்தான் செய்வார்" என்றார். மகளின் உதடு ஏன் மூடவில்லை என்பது அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: எத்தனை மில்லிமீட்டர் இடம் குறைகிறது, அந்த இடத்தை எங்கிருந்து எடுக்கப்போகிறீர்கள்? நாலு மில்லிமீட்டருக்குள் என்றால், பற்களின் பக்கவாட்டை மிக மெல்லியதாகத் தேய்த்தோ சற்று விரித்தோ சமாளிக்கலாம். வளரும் பிள்ளையின் மேல்தாடை குறுகலாக இருந்தால் அதை அகலப்படுத்தும் கருவி உண்டு. அதிகம் குறைந்தால் பல் எடுப்பதைப் பற்றிப் பேச்சு வரும். இந்தக் கேள்விக்கு எண்ணைச் சொல்லாமல் "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். கவரிங் தோடு போட்டால் பிள்ளைக்குக் காது அரித்துப் புண்ணாகுமா? அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். கம்பியிலும் நிக்கல் இருக்கிறது. இரண்டாவது, குடித்து வளர்ந்த தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்கள் நம் பக்கம் இருக்கின்றன. சேலம், தர்மபுரிப் பக்கம் இன்னும் கூடுதல். பல்லில் பழுப்புத் திட்டுகள் அதிகம் இருந்தால், கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் பிராக்கெட் என்ற சின்னத் துண்டு சரியாக ஒட்டாமல் அடிக்கடி கழன்றுவிடும். முன்பே தெரிந்தால் அதற்கேற்ற முறையில் ஒட்டுவார்கள்.

4. பல்லை எடுக்கச் சொன்னால்

நெருக்கடி அதிகமாக இருந்தால் கோரைப்பல்லுக்கு அடுத்த முன்கடைவாய்ப் பற்களில் மேலே இரண்டு, கீழே இரண்டு எடுப்பது வழக்கம். ஒரு பல் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் இடம் தரும். எங்கள் கணக்கில் கீழே இரண்டு பல்லுக்கு 14 கிடைத்தது. 9 நெருக்கடிக்குப் போக, மீதி பிதுங்கிய முன்பற்களை உள்ளே இழுக்கப் பயன்பட்டது.

வீட்டில் எதிர்ப்பு வரும். என் அம்மா, மகளுக்கு அமுச்சி, இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார்கள். "மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் சாமி" என்று ஒரே பிடி. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் எடுப்பதால் பார்வை குறையாது. நான் சொல்லி அவர் கேட்கவில்லை. அடுத்த முறை மருத்துவரிடமே அழைத்துப்போனேன், அவர் படம் போட்டுக் காட்டினார், அடங்கியது. பெரியவர்களை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள்.

சந்தேகம் இருந்தால் படங்களோடு இன்னொரு ஆர்த்தோ மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள். எடுத்த பல்லைத் திரும்ப வைக்க முடியாது. ஒரு வாரம் தள்ளிப்போவதால் ஒன்றும் கெட்டுவிடாது.

5. பணமும் தாள்களும்

இரண்டாவது சிகிச்சையில் எங்களுக்கு ஆன கணக்கைச் சொல்கிறேன். உங்கள் ஊரில் கூடும், குறையும். இரண்டு எக்ஸ்ரேவுக்கும் சேர்த்து 1,000 ரூபாய். சாதாரண உலோகக் கம்பிக்கு 38,000. நான்கு பல் எடுக்க 3,200. ஈறை விலக்கி, சிக்கிய கோரைப்பல்லில் கொக்கி ஒட்டிய சின்ன அறுவைக்கு 6,000. கடைசியில், கம்பி கழற்றிய பிறகு பல் நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னருக்கு 5,000. இதில் 38,000 மட்டும்தான் முதல் நாள் பேச்சில் வந்தது. பல் நிறத்தில் இருக்கும் செராமிக் கூடுதல் விலை; அலைனர் அதைவிட எத்தனையோ மடங்கு. வேலையை நன்றாகச் செய்வதில் உலோகம் எதற்கும் குறைந்ததில்லை.

அதனால் மொத்தத் தொகைக்குள் எவையெல்லாம் அடங்கும் என்று எழுதி வாங்குங்கள்: எக்ஸ்ரே, பல் எடுப்பு, கழன்ற பிராக்கெட்டைத் திரும்ப ஒட்டும் கட்டணம், ரிட்டெய்னர், சிகிச்சை நீண்டால் கூடுதல் கட்டணம். முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். கட்டாதீர்கள். நாங்கள் அப்படிக் கட்டித்தான் முதல் இடத்தில் மாட்டிக்கொண்டோம். இரண்டாவது இடத்தில் முன்பணம் 10,000, மீதியை ஒவ்வொரு வருகைக்கும் 1,500 என்று பிரித்துக்கொண்டோம். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் கம்பி சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. உங்கள் பாலிசியைப் படித்துப் பார்த்துவிட்டு அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றைப் போட்டு வையுங்கள்: எக்ஸ்ரே படங்கள் அல்லது அவற்றின் கோப்பு, தொடக்கப் புகைப்படங்கள், சிகிச்சைத் திட்டத்தின் நகல், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகல், எல்லா ரசீதுகளும். அச்சை கிளினிக்கில் வைத்துக்கொள்வார்கள். ஊர் மாறினால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் வரும் பிள்ளையை ஏற்க மருத்துவர்கள் தயங்குவார்கள். இந்த உறை இருந்தால் தயக்கம் பாதி குறையும்.

6. எப்போது தொடங்குவது

நெருக்கடிப் பற்களுக்குப் பெரும்பாலும் 18 முதல் 24 மாதம் ஆகும். பல் எடுத்தாலோ பல் சிக்கியிருந்தாலோ இன்னும் கூடும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். இதைப் பள்ளிப் படிப்போடு சேர்த்துப் பாருங்கள். பிளஸ் ஒன்னுக்கு நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், பத்தாம் வகுப்பில் கம்பி போடாதீர்கள். விடுதியிலிருந்து மாதாமாதம் அனுப்பமாட்டார்கள். மருத்துவரைப் பார்க்காமல் ஆறு மாதம் வாயில் கிடக்கும் கம்பி பல்லைக் கெடுக்கும். எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறை நல்ல நேரம். அப்போது நிலைப்பற்களும் அனேகமாக முளைத்திருக்கும்.

பெரியவர்களுக்கு வயது வரம்பு இல்லை. ஈறு ஆரோக்கியமாக இருந்தால் போதும். ஆனால் திருமணம் நிச்சயமான பிறகு ஓடிவந்து, "மூன்று மாதத்தில் முடியுமா" என்று கேட்காதீர்கள்.

7. கம்பி போடும் வாரம்

சில நாள் முன்பே கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் சின்ன ரப்பர் வளையம் வைப்பார்கள். இறைச்சி நார் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். விழுந்துவிட்டால் போன் செய்து சொல்லுங்கள். கம்பி ஒட்டுவது வலிக்காது. அன்று மாலையிலிருந்து மூன்று நான்கு நாள் கடித்தால் வலிக்கும். மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் போதும். அந்த நாட்களுக்கு ராகிக் களி, கம்மங்கூழ், குழைய வேகவைத்த அரிசிம்பருப்பு சாதம், சந்தகை என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே எல்லாம் இருக்கிறது. கன்னத்தில் உரசும் இடத்தில் வைக்க மெழுகு கேட்டு வாங்குங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பின்னால் கம்பி நுனி நீண்டு குத்தினால் நகவெட்டியால் வெட்டாதீர்கள். மெழுகை வைத்துவிட்டு கிளினிக்குக்குப் போங்கள்.

8. மாதாமாதம்

கரும்பு, முறுக்கு, கடலை மிட்டாய், எள்ளுருண்டை, முழுக் கொய்யா இவற்றை முன்பல்லால் கடிப்பது கூடாது. பள்ளிபாளையம் சிக்கனில் கிடக்கும் தேங்காய்ச் சில்லைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒன்று கடித்தே எங்கள் வீட்டில் ஒரு பிராக்கெட் போனது. பொங்கலுக்குக் கரும்பை வெட்டி மென்றால் என்ன என்று கேட்பார்கள். அதுவும் வேண்டாம், சாறு குடிக்கட்டும், குடித்ததும் வாய் கொப்பளிக்கட்டும். ஒவ்வொரு முறை பிராக்கெட் கழன்றாலும் சிகிச்சை சில வாரம் பின்னால் போகிறது.

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஃபுளோரைடு பற்பசையால் துலக்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழையும் குட்டி பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கும். துலக்காவிட்டால் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பு விழும். பல் நேராகும், தழும்பு நிற்கும்.

மேல் கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் நடுவே ரப்பர் பேண்ட் மாட்டச் சொன்னால், மாட்டிய நேரம்தான் கணக்கு. எங்கள் மகள் தேர்வு மாதத்தில் மாட்டாமல் விட்டாள். அந்த மாதம் பல் அசையவே இல்லை.

9. கழற்றிய பிறகு

கம்பியைக் கழற்றிய அன்று எல்லோரும் சந்தோஷத்தில் மிதப்பார்கள். அன்றே ரிட்டெய்னருக்கு அளவு கொடுக்காமல் வீட்டுக்கு வராதீர்கள். ஈறின் நார்கள் புது இடத்துக்குப் பழக ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்; அதுவரை பல் பழைய இடத்துக்கே இழுக்கும். கழற்றி மாட்டும் ரிட்டெய்னரை முதல் ஆறு மாதமாவது சாப்பிடும் நேரம், துலக்கும் நேரம் தவிர முழுநாளும் போட வேண்டும். பிறகு இரவில் மட்டும், மருத்துவர் சொல்லும்வரை, பல வருடம். கீழ் முன்பற்களுக்குப் பின்னால் மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டிவிடவும் செய்வார்கள். நெருக்கடி இருந்தவர்களுக்கு அது நல்லது.

கண்ணாடி போன்ற ரிட்டெய்னரைச் சுடுதண்ணீரில் கழுவினால் நெளிந்துவிடும். பச்சைத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். காங்கேயத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் மகள் அதைக் கழற்றி, காகிதத்தில் சுற்றி, இலை ஓரத்தில் வைத்தாள். சாப்பிட்டு முடித்து இலையை மடித்தாள், இலையோடு போய்விட்டது. மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலைக் குவியலில் அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. புதிதாகச் செய்ய 2,500 ரூபாயும் நான்கு நாளும் ஆயின. அந்த நான்கு நாளில் பல் இறுகி, புது ரிட்டெய்னர் முதலில் உட்காரவே மறுத்தது. ரிட்டெய்னரோடு ஒரு டப்பா கொடுப்பார்கள். வெளியே கிளம்பும்போது அந்த டப்பா பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.